பட்டன் இல்லாத நான்கு இடங்கள்

பதிமூன்றாவது விளக்கு எரிந்தது. எரியக் கூடாத விளக்கு அது.

மெக்கானிக் சால்டரிங் அயர்னைத் தாங்கியில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிற்பகல் மழை ஜன்னல் தகரத்தில் விடாமல் தட்டிக்கொண்டிருந்தது, அறைக்குள் ஈயப் புகையும் மருந்து நெடியும் ஈரத் துணியின் வாடையும் ஒன்றோடொன்று கலந்து எது எதிலிருந்து வருகிறது என்று பிரிக்க முடியாதபடி தொங்கின, கட்டிலில் அவன் மனைவி கண்ணைப் பாதி திறந்தபடி கூரையைப் பார்த்துக் கிடந்தாள். விளக்கு அணைந்தது. அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. கொஞ்ச நாளாகவே எதற்கும் ஒன்றும் தோன்றுவதில்லை, பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம்போல ஆளே மரத்துப் போயிருந்தான்.

தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்து அவள் விழுந்ததிலிருந்து, உடம்பில் அசைவது வலது கட்டைவிரல் ஒன்றுதான். மற்ற நான்கு விரல்களும் நீட்டிய நிலையிலேயே விறைத்துக் கிடந்தன. கட்டைவிரல் ஆடுவதும் சும்மா நரம்புத் துடிப்பு, அதற்கு அர்த்தம் கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மைத்துனி நேற்று போனில் நேராகவே கேட்டாள்.

"அக்கா உள்ள இருக்கான்னா சொல்லுங்க மாமா, வேலைய விட்டுட்டு வந்து நானே பாத்துக்கறேன். இல்லேன்னா ஹோம்ல சேத்துடலாம். நாளைக்கு சாயங்காலம் வேன் வருது. நானும் வரேன்."

அந்தச் சாயங்காலம் வர இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அவள் உள்ளே இருக்கிறாள் என்று அவன் காட்டியாக வேண்டும்.

அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ரிப்பேர் வேலை. கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் ஒரு பழைய வீடியோ கேமில் மணிக்கணக்காக உட்கார்ந்து மல்லுக்கட்டுவார்கள். ஒரு தடவைகூட அவன் ஜெயித்ததில்லை. "யோவ் மெக்கானிக்கு, உன் கை திருப்புளி பிடிக்கத்தான் லாயக்கு" என்று அவள் சிரிப்பாள். அந்த கன்சோல் எப்போதோ கருகிவிட்டது, அவள் கையில் பிடித்து ஆடிய கன்ட்ரோலர் மட்டும் அலமாரியில் கிடந்தது. அதன் ஒவ்வொரு பட்டனும் அவள் கட்டைவிரலுக்கு அத்துப்படி. தேடியலைந்ததில் கிடைத்ததோ வேறு கம்பெனியின் பழைய கன்சோல். பிளக் பொருந்தாது, ஒன்று பேசுவது மற்றதற்குப் புரியாது. நடுவில் ஒரு டப்பா வைத்து மாற்றிக் கொடுத்தால் வேலை முடிந்தது. அவள் விரல் தானாகத் துடிக்கிறதா, தெரிந்து விளையாடுகிறதா என்று டிவியில் பார்த்துவிடலாம்.

எந்தப் பட்டன் அழுந்தியிருக்கிறது என்று அந்த டப்பா ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும். கன்ட்ரோலர் வரிசையாகப் பதினாறு பதில் சொல்லும். பட்டன் இருப்பதோ பன்னிரண்டுதான். கடைசி நான்கு இடத்துக்குப் பட்டனே கிடையாது, எப்போதும் 'இல்லை' என்றுதான் வரவேண்டும். சரிபார்க்க டப்பாமேல் இடத்துக்கு ஒன்றாகப் பதினாறு குட்டி விளக்குகள் வைத்திருந்தான்.

மறுபடியும் பதிமூன்று.

கட்டாமல் விட்ட கால் என்று நினைத்துக்கொண்டான். சிப்பின் ஒரு காலை எதிலும் சேர்க்காமல் விட்டால் அது காற்றில் வருவதையெல்லாம் வாங்கிக்கொண்டு பினாத்தும், எடுபிடிப் பையனுக்குக்கூடத் தெரிந்த சங்கதி. நான்கு இடத்துக்கும் ரெசிஸ்டர் வைத்து ஒழுங்காகக் கட்டினான். ஊதி ஆற்றினான். கன்ட்ரோலரை அவள் உள்ளங்கையில் வைத்தான். கட்டைவிரல் அசையவில்லை.

பதிமூன்று எரிந்தது.

"கேக்குதா?" என்றான். தன் குரலே பக்கத்து வீட்டிலிருந்து வருவதுபோல இருந்தது. "ஆமான்னா ஒரு தடவை. இல்லேன்னா ரெண்டு."

ஒரு தடவை.

அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. நெஞ்சுக்குள் கைவிட்டுத் துழாவியும் ஒன்றும் அகப்படாதவன்போல நின்றான்.

"என்னத் தெரியுதா?"

ஒரு தடவை.

"வலிக்குதா?"

இரண்டு.

அப்போதுதான் கவனித்தான். கன்ட்ரோலர் அவள் கையிலிருந்து நழுவி விரிப்பின்மேல் கிடந்தது. அவன் அதன் ஒயரை டப்பாவிலிருந்து உருவினான். இனி பதில் சொல்ல ஆளே கிடையாது.

"இப்பவும் கேக்குதா?"

ஒரு தடவை.

மழை நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. டப்பாவின் மெல்லிய ரீங்காரம் மட்டும் கேட்டது. அவளுடைய மூச்சு அதே தாளத்தில் போய் வந்தது.

"நீ... என் பொண்டாட்டிதானே?"

இரண்டு.

"அவ உள்ள இருக்காளா?"

நெடுநேரம் இருட்டு. பிறகு இரண்டு.

"அப்போ உள்ள யாரு?"

இதற்கு ஆமாம் இல்லை என்று பதில் சொல்ல முடியாது. பதிமூன்று எரிந்தது. அணையவில்லை. பக்கத்தில் பதினான்கு எரிந்தது. அதுவும் அணையவில்லை.

கரன்ட் ஒயரைப் பிடுங்கினான். ரீங்காரம் நின்றது. இரண்டும் எரிந்துகொண்டுதான் இருந்தன.

கட்டிலில் விரிப்பு சரசரத்தது. அவன் திரும்பவில்லை.

பதினைந்து.

கதவு திறந்தது. குடை தரையில் விழுந்தது.

"மாமா!" மைத்துனி வாயைப் பொத்திக்கொண்டாள். "அக்கா விரல்... விரல மடக்கறா மாமா!"

அவன் திரும்பிப் பார்த்தான். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல். மூன்றும் உள்ளங்கையை நோக்கி வளைந்திருந்தன. சுண்டுவிரல் மட்டும் நீட்டியபடி.

"இருக்கா மாமா, அக்கா உள்ளதான் இருக்கா!" அவள் அழுதுகொண்டே போனை எடுத்தாள். "வேன் வேணாங்க. வேணவே வேணாம். அக்கா முழிச்சிட்டா."

"வேணாம்" என்று அவனும் சொல்ல வாயெடுத்தான். அவன் சொல்ல நினைத்தது வேறு வேணாம், கிட்டே போகாதே என்கிற வேணாம். அதற்குள் மைத்துனி அவனிடம் வந்துவிட்டாள்.

"மரம் மாதிரி நிக்காதீங்க மாமா. பிடிங்க. உங்களத்தான் கூப்பிடறா." அவன் வலது கையைப் பிடித்திழுத்து அக்காவின் கைக்குள் வைத்தாள்.

குளிர்ந்திருந்தது.

மேசைமேல் பதினாறு எரிந்தது.

சுண்டுவிரல் மடிந்தது. நான்கு விரல்களும் அவன் மணிக்கட்டைச் சுற்றி இறுகின, பழகிய பொருளை எடுத்துப் பிடிப்பதுபோல. கட்டைவிரல் தோல்மேல் மெதுவாக ஊர்ந்தது. எதையோ தேடியது. ஓரிடத்தில் நின்றது.

அழுத்தியது.

அவன் இடது கை உயர்ந்தது. அவன் உயர்த்தவில்லை.

"பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று மைத்துனி சிரித்து அழுதாள்.

கட்டைவிரல் கொஞ்சம் நகர்ந்து, அடுத்த இடத்தை அழுத்தியது. அவன் வாய் திறந்து, சிரித்தது.