நடக்க ஒருத்தி, பேச ஒருவன்

கட்டைவிரல் உதவாமல் டிராகனை வெல்ல முடியாது. மருத்துவமனையில் சேர்ந்த மறுநாளே மியாபி இதைத் தெரிந்துகொண்டாள்.

ஐந்தாம் வகுப்பு மியாபிக்கு வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. பள்ளி மைதானத்தில் ஒற்றைச் சக்கர சைக்கிள் ஓட்டியவள், எல்லோரும் பார்க்கட்டும் என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். எல்லோரும் பார்த்தார்கள். அவள் குப்புற விழுந்ததையும் சேர்த்துப் பார்த்தார்கள். இப்போது முழங்கையிலிருந்து கட்டைவிரல் வரை மாவுக்கட்டு.

வலிகூட அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. கையடக்க கேம் ஒன்று வைத்திருந்தாள், அதுதான் கவலை. மூடியைத் திறந்தால் போதும், மருத்துவமனை மறைந்து ஒரு தீவு வந்துவிடும். அந்தத் தீவின் காற்றை டிராகன் ஒன்று விழுங்கிவிட்டது. படகுகளின் பாய்கள் தொங்கிப்போய் நிற்கின்றன. போரு என்ற குட்டி வீரன் மலை உச்சிக்குப் போய்க் காற்றை மீட்டு வர வேண்டும். மியாபியின் வகுப்பில் பாதிப் பேர் மீட்டுவிட்டார்கள். அவள் மலையடிவாரக் கிராமத்தில் நிற்கும்போதுதான் கை ஒடிந்தது.

இடது பக்கப் பொத்தான் போருவை நடக்க வைக்கும். வாள் வீசுவது, பெட்டி திறப்பது, ஆட்களிடம் பேசுவது எல்லாம் வலது பக்கப் பொத்தான்கள். மியாபியின் போருவால் நடக்க மட்டுமே முடிந்தது. பூட்டிய கதவுகளில் போய்ப் போய் முட்டிக்கொண்டான். அவள் முகவாயால் அழுத்திப் பார்த்தாள், திரை தெரியவில்லை. கால் கட்டைவிரலால் அழுத்தினாள். போரு ஓடிப்போய்க் குளத்தில் குதித்தான்.

பக்கத்துக் கட்டிலில் தோமோயா என்ற பையன் இருந்தான். அவனும் ஐந்தாம் வகுப்புதான், வேறு பள்ளி. அவனுக்கு இடது கையில் கட்டு. வந்த நாளிலிருந்து கட்டிலைச் சுற்றித் திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு கிடந்தான். யார் என்ன கேட்டாலும் "ம்" என்பான். அவனுடைய அம்மா கெஞ்சுவார், செவிலியர் ஹிரோசே அக்கா வேடிக்கை காட்டுவார், அதற்கும் ஒரு "ம்" தான். சாப்பாட்டுத் தட்டு பாதி நிறைந்தபடியே திரும்பிப் போகும்.

மியாபி தன் இடது கையைப் பார்த்தாள். பக்கத்துத் திரையைப் பார்த்தாள். அவளுக்கு ஒரு யோசனை வந்தது.

"இந்தா, உன்னோட வலது கை சும்மாதானே இருக்கு?" என்று திரையைப் பார்த்துக் கேட்டாள்.

திரைக்குப் பின்னால் கட்டில் கிறீச்சிட்டது.

"கொஞ்ச நேரம் இரவல் குடேன். ஒரு தீவே காத்தில்லாம தவிக்குது."

திரை நாலு விரல் அளவு விலகியது. ஒரு கண் தெரிந்தது.

அப்படித்தான் ஆரம்பித்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மூன்று மணிச் சிற்றுண்டி வரும்வரை விளையாடலாம் என்பது அந்த வார்டின் சட்டம். இருவரும் மியாபியின் கட்டிலில் சேர்ந்து உட்கார்ந்தார்கள். இடப்பக்கம் அவள், வலப்பக்கம் அவன், நடுவில் இரண்டு மாவுக்கட்டுகள். ஆபத்தான இடங்களில் அவை டக் டக்கென்று இடித்துக்கொண்டன. போருவின் கால்கள் மியாபியிடம், மற்றதெல்லாம் தோமோயாவிடம்.

முதல் நாள் போரு சுவரை வெட்டினான், ஓடக்கூடாத நேரத்தில் ஓடினான், ஒரு சின்னத் தவளையிடம் தோற்றான். தோமோயா சிரிக்கவில்லை. ஆனால் உதட்டைக் கடித்துக்கொண்டதை மியாபி கவனித்தாள்.

இரண்டாம் நாள் புதுத் தொல்லை வந்தது. மியாபி போருவை மலைக்கு இழுப்பாள். தோமோயாவோ வழியில் தென்படும் ஒவ்வொருவரையும் பார்த்துப் பேச்சுப் பொத்தானை அழுத்துவான். மீன்காரர், சலவை செய்யும் பெண், கிணற்றடியில் தூங்குகிறவர், ஒருவரையும் விடமாட்டான். கோழியிடம்கூடப் பேசினான். கோழி கொக்கரித்தது.

"கோழிகிட்ட என்னடா பேச்சு? மலை அந்தப் பக்கம் இருக்கு" என்றாள் மியாபி.

தோமோயா பக்கத்துக் கோழியிடமும் பேசினான்.

மனிதர்களிடம் ஒரு வார்த்தை பேசாதவன் கேமுக்குள் இப்படி ஊரைச் சுற்றுகிறானே என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் கோழி மேய்க்கும் சிறுமியிடம் வந்தபோது மியாபியே நின்றுவிட்டாள். அந்தச் சிறுமி சொன்ன கதை அப்படி. ஊரார் வீட்டுக்கு வீடு கண்ணாடி மணிகளைக் கட்டித் தொங்கவிட்டார்களாம். காற்று வீசும்போதெல்லாம் ஆயிரம் மணிகள் கிணுகிணுத்தனவாம். மலை உச்சியில் டிராகனுக்குத் தூக்கமே போய்விட்டதாம். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துத்தான் ஒருநாள் காற்றை விழுங்கியதாம்.

 இதே கிராமத்துக்குள் மியாபி பலமுறை ஒரே ஓட்டமாக ஓடியிருக்கிறாள். டிராகனுக்குத் தூக்கம் வராத கதை அவளுக்குத் தெரியவே தெரியாது. அவளுடைய வகுப்பில் யாருக்கும் தெரிந்திருக்காது.

"இன்னும் யார் யார் இருக்காங்க? எல்லார்கிட்டயும் கேப்போம்" என்றாள்.

அன்று போரு ஒரு அடிகூட மலை ஏறவில்லை. அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை.

மறுநாள் மலைப்பாதை. நீளமான பாதை, எதிரிகள் குறைவு. இருவர் கண்களும் கேம் திரையிலேயே இருந்தன. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. அதனால்தானோ என்னவோ, தோமோயா தானாகவே பேச ஆரம்பித்தான்.

விளையாட்டு விழாவில் குதிரைச் சண்டை நடந்ததாம். மூன்று பேர் சேர்ந்து குதிரையாக நிற்க, நாலாமவன் மேலே ஏறி எதிரணியின் தொப்பிகளைப் பறிக்க வேண்டும். தோமோயாதான் குதிரையின் முன்பகுதி. மேலே இருந்தவன் ஹருமா, அவனுடைய உயிர் நண்பன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று தோமோயாவின் கால் மடங்கியது. பின்னால் நின்றவர்களோடு கோத்திருந்த கையை விட்டுவிட்டான். குதிரை சரிந்தது. அவர்களுடைய வெள்ளை அணி தோற்றது.

"என் கை போனா போகுது" என்றான் தோமோயா. "ஹருமா வாயெல்லாம் ரத்தம். பல்லு போயிடுச்சு. நான் விட்டதுனாலதான். இனிமே என்கிட்ட பேசவே மாட்டான்."

மியாபிக்குப் பாவமாக இருந்தது. போருவை ஒரு பாறை நிழலில் நிறுத்தினாள். 

சனிக்கிழமை மலை உச்சி வந்தது. டிராகன் எழுந்து நின்றபோது திரை முழுக்க அதுவே இருந்தது. மியாபி இந்தச் சண்டைக்காகக் கோடை விடுமுறையிலிருந்து காத்திருந்தாள். நெருப்பு வரும்போது அவள் விலக வேண்டும், டிராகன் மூச்சு வாங்கும்போது அவன் வெட்ட வேண்டும். இப்போது இருவரும் பேசாமலே ஒத்துப்போனார்கள். டிராகனின் பலம் கால்வாசிக்கு வந்தது. கருவியில் சிவப்பு விளக்கும் எரிந்தது, பேட்டரி தீரப்போகிறது. சண்டை முடியும்வரை தாங்கும் என்று மியாபி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அப்போது ஹிரோசே அக்கா வந்தார்.

"தோமோயா, உன்னைப் பார்க்க ஹருமான்னு ஒரு பையன் வந்திருக்கான். சின்னப் பசங்க உள்ள வரக்கூடாது இல்லையா, அதான் கதவுகிட்ட நிக்கிறான்."

தோமோயாவின் கட்டைவிரல் அசையாமல் நின்றுவிட்டது. டிராகன் ஒரு அடி அடித்தது.

"நான் தூங்குறேன்னு சொல்லுங்கக்கா" என்றான்.

"கண்ணைத் திறந்துக்கிட்டா?"

அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். ஹிரோசே அக்கா பெருமூச்சு விட்டார். அந்தப் பையன் பேருந்து மாறி மாறி அவ்வளவு தூரம் வந்திருக்கிறானாம், அவனுடைய அம்மா கீழே காத்திருக்கிறாராம். அதைச் சொல்லிவிட்டு அங்கேயே நின்றார்.

மியாபி திரையைப் பார்த்தாள். இன்னும் கால்வாசிதான். பிறகு தோமோயாவைப் பார்த்தாள். கண்ணை மூடியிருந்தாலும் அவன் முகவாய் நடுங்கிக்கொண்டிருந்தது.

அவள் கேமின் மூடியைப் பட்டென்று சாத்தினாள்.

"என்ன பண்ற? விளக்கு சிவப்பா எரியுது, இப்ப விட்டா சண்டை மொத்தமும் போயிடும்" என்றான் தோமோயா பதறிப்போய்.

"போகட்டும். எழுந்திரு. கோழிகிட்ட எல்லாம் பேசினவன் நீ."

"அது வேற. அங்க நான் எங்க பேசினேன்? பட்டனை அழுத்துவேன், அவங்கதான் பேசுவாங்க."

மியாபி ஒரு நிமிடம் யோசித்தாள். அவன் சொன்னது சரிதான். போரு அந்தத் தீவில் வாயே திறந்ததில்லை. ஆட்களின் எதிரே போய் நிற்பான், அவர்கள் சொல்வதைக் கேட்பான், அவ்வளவுதான்.

"அப்ப இங்கயும் அதையே செய்" என்றாள். "கிட்ட போய் நில்லு. அவனே பேசுவான். நடக்கத்தான் நான் இருக்கேனே."

அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். தாழ்வாரம் நீளமாக இருந்தது. தோமோயா இரண்டு முறை நின்றான். இரண்டு முறையும் அவள் இழுத்தாள். கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். தரையில் ஒரு மஞ்சள் கோடு. கோட்டுக்கு அப்பால், தொப்பியைக் கையில் கசக்கியபடி ஒரு குண்டுப் பையன் நின்றிருந்தான்.

தோமோயா கோட்டின் அருகே போய் நின்றான்.  மியாபி சட்டையை விடவில்லை.

ஹருமாவின் கண்கள் அந்த மாவுக்கட்டின் மேலேயே இருந்தன. திடீரென்று கடகடவென்று கொட்டினான்.

"மன்னிச்சுக்கடா. அன்னிக்கு மதியம் அம்மா கட்டிக் குடுத்த சோத்து உருண்டைய மொத்தமா நானே தின்னுட்டேன். எங்க அக்காவோட பங்கையும் சேர்த்து. அந்தக் கனத்துலதான் உன் கால் மடங்கிடுச்சு. என்னாலதான் உன் கை ஒடிஞ்சுது. நீ கோவமா இருப்பேன்னு பயந்துதான் இத்தனை நாளா வரல."

தோமோயா தன் மாவுக்கட்டையும் ஹருமாவின் வாயையும் மாறி மாறிப் பார்த்தான்.

"உன் பல்லு?" என்றான் கடைசியில்.

"இதுவா?" ஹருமா வாயைத் திறந்து ஓட்டையைக் காட்டினான். "இது பால் பல்லுடா. ஒரு மாசமா ஆடிக்கிட்டே இருந்துச்சு. மேல் பல்லை வீட்டுக்கு அடியில போட்டாதான் புதுப் பல்லு நேரா முளைக்கும்னு சொல்வாங்க இல்லையா, அப்படியே தூக்கிப் போட்டாச்சு. இப்ப பாரு, விசிலே வருது."

அவன் ஊதினான். விசில் கொஞ்சமும் எச்சில் நிறையவும் வந்தது. மஞ்சள் கோட்டைத் தாண்டி அது தோமோயாவின் மூக்கில் விழுந்தது. தோமோயா மூக்கைத் துடைத்தான். பிறகு சிரித்தான். சிரித்துக்கொண்டே கொஞ்சம் அழுதான். மியாபி சட்டையை விட்டுவிட்டு, சுவரில் இருந்த தீயணைப்பு அறிவிப்பை ரொம்பக் கவனமாகப் படிக்க ஆரம்பித்தாள்.

திரும்பி வந்து பார்த்தபோது சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. டிராகன் நாளை மறுபடி முழுப் பலத்தோடு எழும். எழட்டும், பாவம், ஒரு ராத்திரியாவது தூங்கட்டும் என்று மியாபி நினைத்துக்கொண்டாள்.

அன்று மாலை தோமோயா கட்டிலைச் சுற்றி இருந்த திரையை முழுவதுமாகத் திறந்து வைத்தான். தட்டைக் காலி செய்தான். மிசோ சூப் கொண்டுவந்தவரிடம் பேசினான். எதிர்க் கட்டிலில் இருந்த சின்னப் பையனுக்கு டிராகனுக்குத் தூக்கம் வராத கதையைச் சொன்னான். ஹிரோசே அக்காவிடம் ஹருமாவின் பல்லைப் பற்றிச் சொன்னான். பிறகு மியாபியிடம் அதே பல்லைப் பற்றி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான்.

மியாபி காதைப் பொத்திக்கொண்டாள். ஆனால் ஒரு கையால் ஒரு காதைத்தான் பொத்த முடிந்தது. மறு காதால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.