மூன்றாம் படிக்கு எதிரே காலி இடம்

22 நவம்பர், புதன்

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். நோட்டில் மூன்றாம் படியை நிரப்பாமலே நான்காம் படிக்குப் போய்விட்டேன்.

மூன்றாம் படி இது: 'பழைய மதர்போர்டைக் கழற்றும் முன் டிஸ்க்குக்குப் பூட்டு இருக்கிறதா என்று பார். இருந்தால் எடுத்துவிடு. நாற்பத்தெட்டு இலக்க எண்ணைக் குறித்துக்கொள்.' கணினி பழுதுபார்க்கும் மாலை வகுப்பில் சிவப்பு மையில் நானே எழுதிய வரி. பூட்டின் சாவி போர்டுக்குள் இருக்கும். போர்டை மாற்றினால் டிஸ்க் யாரையும் நம்பாது, அந்த எண்ணைக் கேட்கும்.

நாலரை மணிக்கு நானும் வகுப்புத் தோழன் மௌலாலியும் கிரிஜா அக்காவின் கல்யாணப் பத்திரிகைக் கடைக்குப் போனோம். ஹுப்பள்ளிக் கடைத்தெருவுக்குப் பின்னால், சந்துக்குள் ஒரு பழைய வீடு. முன்னறையில் அச்சு இயந்திரம், ஜன்னல் இல்லாத பின்னறையில் பழுதான கணினி. அதன் பெட்டிமேல் மூன்று விபூதிக் கோடுகள், பாதி உதிர்ந்திருந்தன. அக்காவின் கணவர் வீரேஷ் திங்கள்தோறும் பூசியவை. அவர் மார்ச் மாதம் இறந்துவிட்டார்.

"விண்டோஸ மட்டும் அழிச்சிடாதீங்க," என்றாள் அக்கா. "அவர் வாங்கின எழுத்து, டிசைன் எல்லாம் அதுலதான் ஒட்டிக்கிட்டிருக்கு. வித்த கம்பெனியே இப்ப இல்ல. நாளன்னிக்குத் துளசிக் கல்யாணம். அது முடிஞ்சா வரிசையா முகூர்த்தம். பதினேழு வீட்டுப் பத்திரிகை உள்ள கெடக்கு. போச்சுன்னா கடைய மூட வேண்டியதுதான்."

பழைய போர்டு ஒரே ஒருமுறை உயிர் பெற்று ஐந்து நிமிடம் ஓடியது. அப்போதே மூன்றாம் படியைச் செய்திருக்கலாம். மௌலாலி வாங்கி வந்த கிர்மிட், காரப்பொரிப் பொட்டலத்தைப் பிரித்தான். "பொரி நமுத்துடும், வினுதா. கம்ப்யூட்டர் எங்கயும் ஓடிடாது." சாப்பிட்டேன். அதற்குள் அணைந்துவிட்டது. பிறகு எழவே இல்லை.

புதிய போர்டைப் பொருத்தி, பழைய டிஸ்க்கை மாட்டினேன். திரை நீலமாக வந்து எண்ணைக் கேட்டது. எட்டுக் காலிப் பெட்டிகள், பெட்டிக்கு ஆறு இலக்கம்.

"முதல் பெஞ்சு மேடம்," என்றான் மௌலாலி. "செவப்பு மையில எழுதினா மட்டும் போதுமா?"

"எங்கயோ எழுதி வெச்சிருந்தார்," என்றாள் அக்கா. "எங்கன்னு சொல்றதுக்குள்ள போயிட்டார்."

ஒரு பொட்டலப் பொரிக்கு ஒரு கடை. வயர்களில் ஏதாவது தப்பு செய்தேனோ என்று எல்லாவற்றையும் மறுபடி கழற்றிப் பார்க்க ஆரம்பித்தேன். முதலில் கீபோர்டைப் பிடுங்கி மடியில் வைத்தேன்.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. அச்சு மை. அதோடு அப்போதுதான் குழைத்த விபூதி.

முதல் பெட்டியில் ஒரு எண் விழுந்தது.

கீபோர்டு என் மடியில் இருந்தது. அதன் வயர் தரையில் கிடந்தது.

இன்னொன்று. சற்றுப் பொறுத்து, இன்னொன்று. ஒவ்வொரு எண்ணுக்கும் 'டொக்' என்று சத்தம் கேட்டது. என் மடியில் ஒரு விசைகூட அசையவில்லை.

மூன்றாவது பெட்டியில் நின்றது. ஒரு எண் அழிந்தது. வேறு எண் வந்தது.

"ஒத்த வெரல்," அக்கா கிசுகிசுத்தாள். "ஒத்த வெரல்லதான் அடிப்பார். ஒண்ணத் தப்பா அடிச்சிட்டு அழிப்பார்."

"நான் வெளிய நிக்கறேன்," என்ற மௌலாலி நிற்கவில்லை. ஓடினான்.

எட்டாவது பெட்டியும் நிரம்பியது. விண்டோஸ் திறந்தது. பதினேழு பத்திரிகைகளும் இருந்தன.

மவுஸை நோக்கிக் கை நீட்டினேன். "அக்கா, ஒவ்வொரு தடவ போடும்போதும் இது எண்ணைக் கேட்கும். பூட்டை எடுத்துடறேன்."

"வேண்டாம்." என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். "கேக்கட்டும். தெனமும் காலைல கேக்கட்டும்."

திரையில் அம்புக்குறி நகர்ந்தது. நான் எதையும் தொடவில்லை. அது மெதுவாகப் போய்ப் பூட்டுப் படத்தின் மேல் நின்றது. அங்கேயே நடுங்கிக்கொண்டிருந்தது.

அக்கா சுவிட்சை அணைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்து, நான்காம் படி முதல் எல்லாவற்றுக்கும் 'முடிந்தது' என்று எழுதினேன். மூன்றாம் படிக்கு எதிரே காலி இடம் இருக்க வேண்டும். இல்லை. அங்கே ஆறாறு இலக்கமாக ஏழு தொகுதி எண்கள். மூன்றாவதில் ஒன்று அடித்துத் திருத்தப்பட்டிருக்கிறது. என் கையெழுத்து இல்லை. பதற்றத்தில் நானே எழுதியிருப்பேனோ என்று அதே எண்களை எழுதிப் பார்த்தேன். என் ஏழுக்கு நடுவில் கோடு கிடையாது.

ஆனால் எட்டுத் தொகுதி இருக்க வேண்டும். ஏழுதான் என்று மூன்று முறை எண்ணிப் பார்த்த பிறகே மேலே தேதி போட்டு இதை எழுதத் தொடங்கினேன். இந்த வரிக்கு வந்ததும் அந்தப் பக்கத்தை மறுபடி திருப்பினேன்.

எட்டாவதும் வந்துவிட்டது. மை இன்னும் ஈரம்.

நாளை: அக்கா கடை திறப்பதற்கு முன் அங்கே இருக்க வேண்டும். இந்த எண்ணை நானே அடித்து, பூட்டை எடுத்துவிட வேண்டும். வேண்டாம் என்பாள். ஆனால் அவர் காட்டியது அந்தப் பூட்டைத்தான். எடுக்க வேண்டும்.