ஆறாம் எண் குழாய்

நேற்று நேராக நட்ட கன்றுகள் எல்லாம் இன்றைக்கு ஆறாம் எண் குழாயின் பக்கம் சாய்ந்து நின்றன. காற்றடித்திருந்தால் ஒரே பக்கமாகச் சாயும். இவை நாலு திசையிலிருந்தும் குழாயை எட்டிப் பார்க்கிற மாதிரி வட்டமாகத் தலை குனிந்திருந்தன.

"யாரு நட்டது இந்த லட்சணத்துல?" என்றான் குழாய்க்காரன்.

"வேற யாரு, நீதான்ணே," என்றாள் தங்கை. சிரிக்கவில்லை. ஏழு மாதமாக அவள் சிரிப்பதில்லை.

இருபது வருஷம் பூமிக்குள் குழாய் இறக்கியவன் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். கீழே நிலக்கரிச் சுரங்கம். அதில் ஒரு பகுதி இடிந்து ஒன்பது பேர் மாட்டிக்கொண்டபோது, அவர்களைத் தேடித்தான் இந்தப் பொதுக்காட்டை மொட்டையடித்து எட்டுத் துளை போட்டார்கள். ஒன்பதில் ஒருவன் தங்கையின் கணவன். பதினோராம் நாள் கைவிட்டார்கள். காட்டைக் காடாகவே திருப்பித் தந்தாக வேண்டும் என்று வனத்துறை கறாராகச் சொல்லிவிட்டது. குழாய்களில் அடிவரை சிமென்ட் ஊற்றி, வாயில் இரும்புத் தகடு பற்றவைத்து, தனியாகக் குவித்திருந்த மேல்மண்ணைப் பரப்பிக் கன்றும் நட்டாயிற்று. அடையாளத்துக்கு முழங்கால் உயரக் குழாய் மட்டும் வெளியே நின்றது. நாளைக்கு அதிகாரி வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது.

"தண்ணிக் கேன் ரோட்டுல லாரியிலயே இருக்குது. எடுத்துட்டு வரேன்," என்று தங்கை பனிமூட்டத்துக்குள் போனாள். மதியம் மூன்று மணிக்கே வெளிச்சம் செத்துக்கிடந்தது. இலைகளிலிருந்து நீர் சொட்டும் சத்தம், புதுமண் வாசனை, அதற்கடியில் இருக்கிறதா இல்லையா என்று பிடிபடாத ஒரு கரி நெடி, இவற்றோடு அவன் தனியாக நின்றான்.

கன்றை நிமிர்த்தக் குனிந்தபோது இடுப்பிலிருந்த ஸ்பேனர் குழாயில் பட்டது.

ணங்.

சிமென்ட் நிரம்பிய குழாய் தொப்பென்றுதான் கேட்கும். ஊற்றியவனே அவன். அவனுக்குத் தெரியாதா?

அந்தப் பதினோராம் நாளை நினைக்கக் கூடாது என்றுதான் இத்தனை மாதமும் பாடுபட்டான். மேலிருந்து மூன்று தட்டினால் அது கேள்வி. கீழே எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்களோ அத்தனை தட்டு பதில். அன்றைக்கு இதே குழாயில் மூன்று தட்டினான். கொஞ்சம் பொறுத்து மூன்று வந்தது. "எதிரொலி சார்," என்றான். தூங்கிப் பல நாளான பொறியாளர் தலையாட்டி இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். வீட்டில் கை கழுவும்போதுதான் பொட்டில் அறைந்தது போல உறைத்தது: மூன்று பேராகவும் இருக்கலாமே! உடனே ஓடியிருக்கலாம், வேறு கணக்கில் தட்டிப் பார்த்திருக்கலாம். தங்கை முகத்தை எப்படிப் பார்ப்பது என்று பயந்து வாயை மூடிக்கொண்டான். பாவி.

இப்போது கை தானாக ஸ்பேனரை எடுத்தது. இரண்டு தட்டினான்.

சொட்டுச் சத்தம் நின்றது. காடே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

ணங். ணங். ணங்.

ஐயோ. ஏழு மாதம். அடிவரை சிமென்ட். ஐந்து தட்டினான்.

மூன்றே வந்தது.

"என்னண்ணே அது?"

பின்னால் தங்கை, கையில் தண்ணீர்க் கேனோடு.

"ஒண்ணுமில்லம்மா. எதிரொலி."

"நீ அஞ்சு தட்டுன. மூணுதானே வந்துச்சு?"

சொல்ல வேண்டியதையெல்லாம் அவன் முகம் சொல்லிவிட்டது. அவள் கேனைக் கீழே வைத்தாள். திட்டவில்லை, அழவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் மண்டியிட்டுக் குழாயில் காதை வைத்தாள்.

"அவருதான்," என்றாள். குரலில் ஏழு மாதத்துக்கு முந்தைய சந்தோஷம். "போண்ணே. இந்தத் தடவையாவது ஓடிப்போய் ஆளக் கூட்டிட்டு வா."

ஓடினான். அன்றைக்கு ஓடாத ஓட்டத்தையும் சேர்த்து ஓடினான். லாரி நிற்கும் சாலை கண்ணில் பட்ட நேரத்தில் பின்னால் சத்தம் கேட்டது.

ணங்.

ணங்.

ணங்.

கால் நின்றது. மூன்று, அவ்வளவுதான். போதும்.

ணங்.

தங்கையின் பெயர் சொல்லிக் கத்தியபடி திரும்பி ஓடினான். பதிலில்லை. பனியில் குழாய் தெரிந்தது. தகடு பற்றவைத்தபடியே இருந்தது. மண் கலையவில்லை. அவள் முழங்கால் பதிந்த இரண்டு குழி. திரும்பிப் போன தடம் இல்லை.

கன்றுகள் எல்லாம் நேராக நின்றன, நேற்று நட்ட மாதிரியே.

குழாயைப் பார்த்தபடி ஒரு ஜோடி செருப்பு.

ணங். ணங். ணங். ணங்.