கப்பலுக்குப் பேர் கூப்பிடுகிறார்கள்

பதினோரு அறிவிப்புகளும் ஓடி முடிந்த பிறகு, ஸ்பீக்கரில் யாரோ மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது.

பேசப்போகிறவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்னால் இழுப்பார்களே, அந்த மாதிரி ஒரு சின்ன மூச்சு. அவ்வளவுதான். பிறகு ஒன்றும் இல்லை. பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஸ்டீல் நாற்காலிகள் வரிசை வரிசையாகக் கிடந்த அந்தப் பெரிய கூடத்தில், ஈரச் சிமெண்டு வாடையும் பெயிண்ட் வாடையும் வடகடலிலிருந்து வந்த பாசி நாற்றமும் கலந்து நின்றன. சைட் இன்ஜினியர் ராமசுப்பிரமணியன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். எலக்ட்ரீசியன் அலியார் ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். கோகிலா மட்டும் கையிலிருந்த தாளை இன்னொரு தடவை பார்த்தாள். பதினோராவது அறிவிப்பு, ‘தங்கள் பயணம் இனிதாக அமைய வாழ்த்துகிறோம்.’ அதற்குப் பிறகு அவள் எதுவும் பதிவு செய்யவில்லை.

ஆனால் அந்த மூச்சு அவளுடையதுதான். சளி பிடித்தால் அவளுக்கு இடது மூக்கு அடைத்துக்கொண்டு லேசாக விசிலடிக்கும். ஸ்பீக்கரில் அந்த விசிலும் கேட்டது.

ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் மறுபடி கப்பல் விடப்போகிறார்கள் என்று இந்த முனையத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கோகிலா காண்டிராக்டர் ஆபீசில் டைப்பிங், பில், கடிதம் எல்லாம் பார்க்கிறவள். கூடத்தின் சுவரில் மாட்டுவதற்கு வரலாற்றுப் பலகைகளுக்கு வாசகம் எழுதியதும் அவள்தான். 1914இல் தனுஷ்கோடியிலிருந்து முதல் கப்பல். ரயிலை விட்டு இறங்கி நாலு எட்டு நடந்தால் கப்பல் ஏறலாம். அறுபத்துநாலில் புயல் வந்து தனுஷ்கோடியைத் துடைத்துக்கொண்டு போனது. அப்புறம் ராமேஸ்வரத்திலிருந்தே கப்பல். எண்பதுகளில் அக்கரையில் சண்டை மூண்டு அதுவும் நின்றுபோனது. நாற்பது வருசம் காலியாகக் கிடந்த தண்ணீர். எழுதியது நன்றாக இருக்கிறது என்று பாராட்டிய ராமசுப்பிரமணியன், “அறிவிப்பையும் நீயே பேசிரும்மா, உன் குரல் கணீர்னு இருக்கு” என்றார். பழைய சாமான் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, போனில் பேசிப் பதிவு செய்தாள்.

சோதனை முடிந்து அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது தொண்டை கரகரத்தது. சுக்கு தட்டிப் போட்டுக் குடித்தாள்.

மறுநாளும் நாலு மணிக்குச் சோதனை. பதினொன்றும் ஓடின. அந்த மூச்சு வந்தது. பிறகு அவள் குரல், நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக:

“முருகலட்சுமி. தகப்பன் பேர் சின்னையா. கப்பலுக்கு வரவும்.”

கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த முருகலட்சுமி நிமிர்ந்தாள். அறுபது வயதிருக்கும். சின்ன வயசில் சிலோனிலிருந்து வந்து மண்டபம் முகாமில் வளர்ந்தவள், தினம் பஸ்ஸில் வந்து போகிறவள். விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு கப்பல் அணைகிற ஜெட்டிப் பக்கம் நடந்தாள்.

அலியார் ஓடிப்போய்க் கையைப் பிடித்தார். “ஏ ஆத்தா, எங்கன போறீக? அங்கன கைப்பிடி கூட இன்னும் வைக்கலை.”

“கூப்பிட்டாகள்ல,” என்றாள் முருகலட்சுமி. அலியாரை ஏதோ சின்னப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். அவர் இழுத்துக்கொண்டு வந்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். குடித்தாள். யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று ராமசுப்பிரமணியன் சத்தம் போட்டார். நான் பேசவில்லை சார் என்று கோகிலா சொல்ல வாயெடுத்தபோது, குரல் பாதிதான் வந்தது. காற்றாக வந்தது.

காலையில் முருகலட்சுமி வேலைக்கு வரவில்லை. முந்தின நாள் வீட்டுக்கும் போகவில்லை என்று அவள் மகன் வந்து நின்றான். ராமசுப்பிரமணியன் கேமராப் பதிவை ஓட்டினார். கோகிலாவும் அலியாரும் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். மாலை ஆறு பத்து. வெளிச்சம் இருக்கிறது. முருகலட்சுமி ஜெட்டியின் கடைசி வரைக்கும் நடக்கிறாள். விளிம்பில் நிற்கிறாள். குதிக்கவில்லை. தடுக்கி விழவும் இல்லை. வலது கையை நீட்டி, இல்லாத ஒரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, ஒரு படி இறங்குகிறாள். இன்னொரு படி. இன்னொரு படி. தலை மறைகிற வரைக்கும் அதே நிதானத்தில் இறங்குகிறாள்.

போலீஸ் வந்தது. தங்கச்சிமடத்துப் படகுகள் இரண்டு தேடிப் பார்த்துவிட்டு வந்தன. உடம்பு கிடைக்கவில்லை.

ராமசுப்பிரமணியன் எல்லார் முன்னாலும் அந்த அறிவிப்புப் பதிவுகளை அழித்தார். அலியார் ஆம்ப்ளிஃபயரைக் கழற்றினார், ஒயரை வெட்டினார், ஸ்பீக்கர்களை இறக்கித் தரையில் கவிழ்த்துவைத்தார். “இனிமே அதுல ஒரு ஈகூடக் கத்தாதும்மா. போய்ப் படுங்க” என்றார்.

கோகிலா வீட்டுக்கு வந்தபோது அய்யா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பொன்னுச்சாமிக்கு அறுபத்தைந்து வயது. பரமக்குடிச் சாயப்பட்டறையில் முப்பது வருசம் வேலை பார்த்ததில் நகக்கண்ணெல்லாம் நீலம் ஏறிப்போனவர். அம்மா போன பிறகு மகளோடு வந்து இருக்கிறார். பன்னிரண்டு வயசில் அவரும் சிலோனிலிருந்து வந்தவர்தான். அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம், பிறகு கப்பல், பிறகு மண்டபம் முகாம். அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை. அவளும் கேட்டதில்லை. இன்றைக்கு, மிச்சமிருந்த அரைக்குரலில் கேட்டாள்.

“அய்யா, கப்பல்ல வாரப்ப பேரு கூப்பிடுவாகளா?”

“கூப்பிடாம? தலைமன்னார்ல ஒருத்தன் மேசை மேல ஏறி நின்னு வாசிப்பான். ஒரு தடவைதான் வாசிப்பான் தாயி. பேரு, தகப்பன் பேரு, தோட்டத்துல குடியிருந்த லயம் நம்பரு. காதுல வாங்கலைன்னா போச்சு.”

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

“எங்க அக்கா மாரிச்செல்வி தண்ணி புடிக்கப் போயிருந்துச்சு. நான்தான் தாகமா இருக்குன்னு அழுதேன். அந்த நேரம் பாத்து அது பேரை வாசிச்சுட்டான். அது ஓடியாரதுக்குள்ள எங்களை ஏத்திவிட்டுட்டாக. செம்போட நின்னுச்சு. அடுத்த கப்பல்ல அனுப்புறோம்னு சொன்னாக.”

“வந்தாகளா?”

அய்யா முனையம் இருக்கிற பக்கம் காதைத் திருப்பினார். பிறகு, “இப்ப ரெண்டு நாளா ஒரு பொம்பளைப் பிள்ளை நல்லா வாசிக்குது” என்றார். “இங்கன வரைக்கும் கேக்குது. உன் குரல் கணக்கா இருக்கு.”

ஒலிபெருக்கி கழற்றியாகிவிட்டது என்று அவள் சொல்ல நினைத்தாள். சொல்லி என்ன. முனையத்திலிருந்து வீடு ஒன்றரைக் கிலோமீட்டர். ஸ்பீக்கர் மாட்டியிருந்தபோதே அதன் சத்தம் கூடத்தைத் தாண்டியதில்லை.

மறுநாள் ஆபீசுக்குப் போகவில்லை. இரண்டு செட் துணியைப் பையில் திணித்தாள். பரமக்குடியில் சித்தி வீடு இருக்கிறது, அங்கே கடல் இல்லை. தெருமுனை ஆட்டோ ஹமீது சுல்தானைச் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். அய்யா மறுப்பு சொல்லவில்லை. அது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. அவர் குளித்து, பெட்டியடியில் கிடந்த வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டதைப் பார்த்தபோதும், ஊருக்குப் போகிறோமே, அதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

பள்ளிவாசலில் மக்ரிப் பாங்கு சொல்லி முடிகிற நேரத்தில் ஆட்டோ கிளம்பியது. மேற்கே வானம் செந்தூளாகக் கிடந்தது. காற்றே இல்லை. கருவாட்டு வாடை தெருவில் அப்படியே தொங்கியது. முனையத்துக்குப் பிரிகிற முக்கில், கோயிலுக்கு வந்த டூரிஸ்ட் பஸ் ஒன்று திரும்ப முடியாமல் குறுக்கே நின்றது. ஹமீது சுல்தான் இன்ஜினை அணைத்தார்.

அமைதியானது.

அந்த மூச்சு. விசிலோடு.

கோகிலா அய்யாவின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“பொன்னுச்சாமி. தகப்பன் பேர் கருப்பையா. பதினாலாம் நம்பர் லயம். கப்பலுக்கு வரவும்.”

“என்னம்மா, டெஸ்டிங்கா? அருமையா இருக்கே உங்க குர…” என்று திரும்பிய ஹமீது சுல்தான், மூடியிருந்த அவள் வாயைப் பார்த்தார். பாதியில் நிறுத்தினார். “நீங்க இங்கனதானே இருக்கீக?”

அய்யா இறங்கிவிட்டார். அவசரமே இல்லை. அவள் பிடி அவரை ஒன்றும் செய்யவில்லை. கரை ஏறிய வள்ளத்தைத் தண்ணீர் இழுப்பதுபோல் போனார், அவளும் இழுபட்டுப் போனாள். அய்யா, போகாதீக, அய்யா. கத்தினாள். வாய் திறந்தது, நரம்பு புடைத்தது, வெறும் காற்று வந்தது. அந்தக் குரல் மட்டும் தூரத்தில், தெளிவாக, அடுத்த பேரை வாசித்துக்கொண்டிருந்தது.

ஹமீது சுல்தான் ஓடி வந்து அய்யாவின் தோளை அணைத்துப் பிடித்தார். செருப்புத் தேயத் தேய நாலு அடி இழுபட்டார். “யா அல்லாஹ், என்ன கனம்! வாங்க பெரியவரே, வீட்டுக்குப் போவோம்.” முடியவில்லை. “நீங்க விட்றாதீங்கம்மா. நான் ஆளுகளைக் கூட்டியாரேன்” என்று ஊருக்குள் ஓடினார்.

வாட்ச்மேன் அறை பூட்டியிருந்தது. கூடத்தில் விளக்கு இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கவிழ்த்துவைத்த ஸ்பீக்கர்கள் அப்படியே கிடந்தன. வெட்டிய ஒயர் தரையில் கிடந்தது. குரல் வந்துகொண்டிருந்தது.

ஜெட்டி நீளம். அய்யாவின் முன்னால் போய் நின்றாள். அவர் சுற்றிப் போனார். காலைக் கட்டிக்கொண்டாள். இழுத்துக்கொண்டே நடந்தார். முட்டி உரிந்தது. விளிம்பு வந்தது. அவர் குனிந்து அவள் தலையைத் தடவினார்.

“இந்தத் தடவை காதுல வாங்கிட்டேன் தாயி,” என்றார். “அக்கா நிக்கும்ல.”

வலது கையை நீட்டினார். எதையோ பிடித்தார். ஒரு படி இறங்கினார்.

தண்ணீர் அவர் முழங்காலைத் தொட்டது. இடுப்பு. வெள்ளைச் சட்டை ஊதிக்கொண்டு மேலே வரவில்லை, நனைந்து ஒட்டிக்கொண்டது. அவள் குப்புறப் படுத்து அவர் கையைப் பிடித்திருந்தாள். நெஞ்சு. கழுத்து. நீல நகங்கள் அவள் உள்ளங்கையில் ஒவ்வொன்றாக நழுவின. தலை போனது. ஒரு குமிழிகூட வரவில்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி மூடிக்கொண்டது.

எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தாள் என்று தெரியவில்லை. ஜெட்டிப் பலகையில் காலடிச் சத்தம் கேட்டது. நிறைய. ஹமீது சுல்தான் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். எழுந்தாள். கண்ணைத் துடைத்தாள்.

வந்தவர்கள் ஓடி வரவில்லை.

வரிசையாக வந்தார்கள். வயசானவர்கள். வேட்டி கட்டி, நல்ல சேலை கட்டி, தலை வாரி. ஒருவர் தகரப் பெட்டி வைத்திருந்தார். ஒரு கிழவி துணிமூட்டையை இடுப்பில் இடுக்கியிருந்தாள். மங்கின வெளிச்சத்தில் வரிசை கூடத்தைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, முக்கு ரோடு வரைக்கும் நின்றது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ்களிலிருந்து இன்னும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். வரிசைக்கு வெளியே, வெகு தூரத்தில், ஹமீது சுல்தான் ஒவ்வொருவர் கையாகப் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தார்.

கோகிலா இரண்டு கையையும் விரித்து ஜெட்டியின் குறுக்கே நின்றாள். முதலில் வந்த பெரியவர் மரியாதையாக ஒதுங்கி, அவள் கைக்கு அடியில் குனிந்து போனார். அவருக்குப் பின்னால் வந்த கிழவி நின்றாள். கோகிலாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். சிரித்தாள்.

“நீதானா வாசிக்கிறது? நல்லாருப்ப ஆத்தா. என் பேரை விட்டுருவாகளோன்னு பயந்துகிட்டு இருந்தேன்.”

இல்லை என்று கோகிலா தலையை ஆட்டினாள். நானில்லை. நானில்லை. வாயைப் பொத்திக்கொண்டாள், இரண்டு கையாலும், பல் பதியும்படி இறுக்கி.

உள்ளங்கைக்கு அடியில் அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக. கிழவியின் பேர். கிழவியின் தகப்பன் பேர்.