சுவரில் இரண்டு பன்மை

பள்ளித் தாளாளர்களான அண்ணன் தம்பி இருவரின் ஓவியமும் பள்ளி அரங்கில் காலையில் கிழிந்து தொங்கியது. பக்கத்துச் சுவரில் சிவப்புப் பெயின்டில் ஆங்கிலம்: 'டெடிஸ் ஆர் தீவ்ஸ்.' டெடிகள் திருடர்கள். இருவருமே கொழுகொழுவென்று பொம்மைக் கரடிபோல் இருந்ததால் மாணவர்கள் வைத்த பட்டப்பெயர் டெடி.

இன்ஸ்பெக்டர் அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். டெடியின் கடைசி ஒய் அப்படியே இருந்தது. பின்னால் எஸ் மட்டும்.

"ஒய்யை எடுத்துட்டு ஐ-இ-எஸ் போடணும். அஞ்சாங்கிளாஸ் பையனுக்கே தெரியும்," என்றார் ஆங்கில ஆசிரியர். இன்ஸ்பெக்டரின் கூடப்பிறந்த அண்ணன். "அரைகுறை இங்கிலீஷ் ஆள்தான் எழுதியிருக்கணும்."

எல்லோர் கண்ணும் விளையாட்டு ஆசிரியர் மேல் பாய்ந்தது. மைதானத்தில் கோடு போடும் சிவப்புப் பெயின்ட் அவர் அறையில்தான் இருக்கும். போன வாரம் தாளாளர்களோடு வாய்ச்சண்டை வேறு.

"அறைச் சாவி?" என்று அவரிடம் கேட்டாள் இன்ஸ்பெக்டர்.

"ஆசிரியர் அறை ஆணியில தொங்கும் மேடம். யார் வேணா எடுக்கலாம்."

"இன்னிக்கே இவனை வெளியே அனுப்புறோம்!" என்று கத்தினார் பெரிய தாளாளர்.

இன்ஸ்பெக்டர் விளையாட்டு ஆசிரியரிடம் சாக்பீஸை நீட்டினாள். "திருடர்கள்னு இங்கிலீஷ்ல எழுதுங்க சார்."

அவர் யோசித்து, 'தீஃப்' என்று எழுதி, கடைசி எஃப்புக்குப் பின்னால் எஸ் போட்டார். யாரோ சிரித்தார்கள். அவர் தலை குனிந்தது.

இன்ஸ்பெக்டர் அண்ணனைத் தவிர எல்லோரையும் வெளியே அனுப்பினாள்.

"அண்ணா, அந்த எஃப் பன்மையில வி-இ-எஸ் ஆகணும். சுவத்துல சரியா இருக்கு. அவருக்கு வரலை."

"அப்போ டெடி?"

"பொம்மைன்னா ஐ-இ-எஸ். ஆளோட பேருன்னா ஒய் மாறாது. அதுவும் சரிதான். இருபது வருஷமா இதை நடத்துற நீ, சரியா இருக்கிறதைத் தப்புன்னு ஏன் சொன்னே?"

அண்ணன் பெஞ்சில் சரிந்து உட்கார்ந்தார். "துணைத் தலைமையாசிரியர் பதவி எனக்குன்னு சொல்லி, அவங்க மச்சானுக்குக் குடுத்துட்டாங்க. ஆத்திரத்துல கிழிச்சேன். அப்பக்கூடத் தப்பா எழுதக் கை வரலை. காலையில உன்னைப் பார்த்ததும் பயம் வந்துடுச்சு."

"கிழிச்சதைக்கூட விடு. ஒண்ணும் தெரியாத மனுஷன் தலையில போட்டியே."

அவளுக்கு, யாருக்கும் தெரியாமல் இதை மூடிவிடலாமா என்று தன் மனசு ஒரு கணம் நப்பாசைப்பட்டதை நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

வெளியே வந்தாள். விளையாட்டு ஆசிரியர் எழுந்து நின்றார்.

"மன்னிச்சிடுங்க சார். எழுதினது எங்க அண்ணன்," என்றாள் தரையைப் பார்த்தபடி.

அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"பின்வாசல் வழியா கூட்டிட்டுப் போங்க மேடம். முன்னாடி பசங்க நிக்கிறாங்க."

கதவுக்குப் பின்னால் அண்ணன் முகத்தை மூடிக்கொண்டார்.