ஆமெனுக்குப் பிறகும் ஒரு சுரம்

புதிய பைப் ஆர்கன் ஆலயத்தின் முன்சுவரையே அடைத்துக்கொண்டு நின்றது. வார்னிஷ் வாசனை இன்னும் போகவில்லை. மதிய வெயிலில் குழல்கள் பளபளத்தன. தங்கை பெஞ்சில் உட்கார்ந்தாள். நாளை காலை ஆராதனையில் இதை முதன்முதலாக வாசிக்கப்போவது அவள்தான்.

அக்கா இருந்தவரை பழைய ஆர்மோனியத்தை இவளைத் தொடவிட்டதில்லை. "நீ பக்கத்தப் புரட்டு, போதும்" என்பாள். அக்காவுக்குப் பெரிய மனசு என்று சபையே மெச்சும். அந்தப் பெரிய மனசில் இவளுக்குக் கிடைத்தது பெஞ்சில் பாதி. ஆமென் முடிந்த பிறகும் அக்கா இடக்கோடி அடிக்கட்டையை விடாமல் பிடித்திருப்பாள். ஜனங்கள் கண்ணைத் துடைப்பார்கள். இவளுக்கு வயிறு எரியும். போன வருஷம் அக்காவைப் புதைத்த அன்றும் அது அணையவில்லை.

சுதி சேர்ப்பவர் ஆர்கனுக்குள், குழல்களுக்கு நடுவே இருந்தார். அங்கிருந்து பெஞ்ச் தெரியாது. அவர் குரல் கொடுத்தால் இவள் அடுத்த கட்டையை அமுக்க வேண்டும்.

"அடுத்து."

அமுக்கினாள்.

"ரெண்டு கட்டைய சேத்து அமுக்காதீங்கம்மா."

"ஒண்ணுதான் அமுக்கறேன்."

"அடியில ஒண்ணு பேசுதே. அத விடுங்க."

இடக்கோடியில் பார்த்தாள். கடைசிக் கட்டை கீழே இறங்கியிருந்தது.

யாரும் அதைத் தொடவில்லை.

தைல வாசனை வந்தது. அக்கா விரல்வலிக்குத் தடவும் தைலம்.

பயத்தை முந்திக்கொண்டு ஆத்திரம்தான் வந்தது. "செத்தும் விடமாட்டியா?" என்று பல்லைக் கடித்தாள். பிறகு உரக்கச் சொன்னாள்: "அண்ணா, அந்தக் குழலக் கழட்டிடுங்க."

"கட்டை ஊமையாயிடுமேம்மா."

"ஆகட்டும்."

அவர் அதைக் கழற்றி, துணியில் சுற்றி, போதகரின் அறையில் கிடத்திவிட்டுப் போனார்.

மறுநாள் ஆலயத்தில் நிற்க இடமில்லை. முதல் பாட்டு பிசகில்லாமல் முடிந்தது. ஆமென். அவள் இரு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

அடிச் சுரம் நிற்கவில்லை.

தரை அதிர நீண்டுகொண்டே போனது. முன்வரிசையில் யாரோ விசும்பினார்கள். போதகர் கண் கலங்க அவள் காதருகே குனிந்தார்.

"அப்படியே உங்க அக்கா வாசிச்ச மாதிரி இருக்கும்மா."

தைல வாசனை மூக்கை அடைத்தது. அப்போதுதான் பார்த்தாள், அவ்வளவு பெரிய பெஞ்சின் வலது ஓரத்தில் அவள் ஒண்டி உட்கார்ந்திருந்தாள். இடப்பக்கம் மெத்தை அமுங்கியிருந்தது.

போதகர் அடுத்த பாட்டை அறிவித்தார்.

அவள் கை எழுந்து பக்கத்தைப் புரட்டியது. ஆர்கன் வாசிக்கத் தொடங்கியது.