நீ லீரா

"கன்னுக்குட்டி எங்கே?"

கொட்டும் மழையில், முழங்கால் வரை சேறோடு வாசலில் நின்றாள் நோரா. கதவைத் திறந்தவனுக்குக் கையெல்லாம் மாவு... கண்ணெல்லாம் சிரிப்பு.

"இங்க ரொட்டிதான் இருக்கு டாக்டர். உங்களுக்கு எந்த லீரா வேணும்?"

"ஃபோன்ல லீரா வீடுன்னுதான் சொன்னாங்க!"

"இந்தப் பாலிவோர்னி ஊர்ல பதினோரு லீரா வீடு இருக்கு. நாங்க ரொட்டி லீரா. மேட்டு மேல கறுப்பு லீரா. அவங்க பசுதான் காலையிலேருந்து கத்துது."

ஐயோ! நாலு நாளாய்ச் சரியாகத் தூங்காத கண்கள் எரிந்தன. ஊருக்குப் புதிதாக வந்த மாட்டு டாக்டர் அவள். அவனே, கோர்மாக், ஜீப்பில் ஏறி வழி காட்டினான். கூடவே நின்று கயிற்றை இழுத்தான். கன்று வழுக்கி விழுந்து, தும்மியது.

"எங்க மொழியில லீரான்னா கன்னு காக்கிறவன்னு அர்த்தம். எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல" என்றான் திரும்பும்போது. "உங்க பேரு?"

"நோரா நீ லீரா."

"அடடே! சொந்தமா?"

"ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. எங்க லீரா மலைக்கு அந்தப் பக்கம்."

"அப்ப எங்க பேரையும் காப்பாத்துறது நீங்கதான்!"

எத்தனை மாதம் கழித்துச் சிரிக்கிறாள்... உடனே முகம் இறுகியது.

"கல்யாணத்துக்கப்புறம் இந்த 'நீ'யை விடச் சொன்னான் ஒருத்தன். மோதிரத்தைத் திருப்பிக் குடுத்துட்டேன். யாருக்காகவும் பேரை மாத்த மாட்டேன்."

கோர்மாக் தன் வீட்டுப் பெண்களை நினைத்துக்கொண்டான். அந்த ஊர் வழக்கில் லீரா வீட்டு மகள் 'நீ லீரா'. லீரா வீட்டு மருமகளோ 'ஈ லீரா'. அவன் அம்மா, அண்ணி எல்லாருமே 'ஈ'தான்.

கன்று ஈனும் காலம் முழுக்க அவள் ஃபோன் செய்தாள். "எந்த லீரா?" அவன் வழி சொல்வான். அவள் திரும்பும்போது சூடான ரொட்டியோடு தன் வாசலில் நிற்பான். மனசில் இருப்பதை மட்டும் சொல்ல மாட்டான். ஏன் சொல்ல மாட்டேங்கிறான்? கேட்கவும் அவளுக்குத் தெம்பில்லை.

ஏப்ரலில் கடைசிக் கன்றும் பிறந்தது. பூட்ஸைக்கூடக் கழற்றாமல் அவன் அடுப்படிப் பெஞ்சில் வந்து விழுந்தாள். வெளியே அதே மழை... அவன் அருகில் உட்கார்ந்தான்.

"டாக்டர்... எங்க வீட்டுக்கு வந்தா, ஒரே ஒரு எழுத்துதான் மாறும்."

அவள் விழிகள் நிமிர்ந்தன.

"அதுவும் வேண்டாம். அம்மாகிட்ட சண்டையே போட்டுட்டேன்." அவன் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டான். "நீ... நீயாவே இரு. அந்த நோராவைத்தான் எனக்குப் பிடிச்சிருக்கு."

இத்தனை நாள் 'நீங்க' என்றவன்... முதல் முறையாக 'நீ' என்றான்!

களைத்த தலையை அவன் மாவுத் தோளில் சாய்த்தாள்.

"கொஞ்சம் தூங்கிக்கறேன்... எழுந்ததும் சரின்னு சொல்றேன்."

"இப்பவே சொன்னா என்னவாம்?"

"சொல்லிட்டேனே, மக்கு..."

அடுத்த நொடி தூங்கிப் போனாள்.